பழைய ரூபி மோதிரம் வாங்கப் போகிறீர்களா? நெல்லைச் சீமையில் கல்லையும் தங்கத்தையும் பார்த்து வாங்க முழு வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் பழைய சிவப்புக் கல் மோதிரத்துக்குப் பஞ்சம் கிடையாது. பாகப்பிரிவினை நடக்கிற வீட்டில் ஒன்று வெளியே வரும். அடகில் மூழ்கிப்போன நகைகளுக்கு நடுவே ஒன்று கிடக்கும். டவுன் ரத வீதிகளில் பழைய நகை எடுக்கிற கடைக்காரர் உருக்க மனசில்லாமல் ஒன்றை டப்பாவுக்குள் போட்டு வைத்திருப்பார். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சங்கரன்கோவில், காயல்பட்டினம் என்று எங்கே விசாரித்தாலும் யாரோ ஒருவரிடம் தாத்தா போட்ட மோதிரம் இருக்கிறது.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மோதிரம் நிஜமாகவே பழசு என்று தெரிந்ததும், கல்லும் நிஜம்தான் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. மோதிரத்தின் வயது ஒரு கேள்வி, கல் இயற்கையா என்பது தனிக் கேள்வி. முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதுக்குச் சாட்சி சொல்லாது. இந்த வழிகாட்டி முழுக்க இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கப் போகிறோம்.

கடைக்குப் போகும் முன் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர் நகைக்கடைகளில் "ஆன்டிக் நகை" என்று கேட்டால், பளபளப்பைக் குறைத்து, இடுக்கில் கருப்பேற்றிய புது நகையை எடுத்துப் போடுவார்கள். அது ஒரு ஃபினிஷ், அவ்வளவுதான். அதில் தப்பு எதுவும் இல்லை. உங்களுக்கு வேண்டியது அது இல்லையென்றால் "பழைய கல் மோதிரம், யாரோ போட்டுக் கழற்றியது" என்று உடைத்துக் கேளுங்கள். அதேபோல "கெம்பு" என்று சொன்னால் என்ன கெம்பு என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் மாணிக்கத்தையே, அதாவது ரூபியையே, கெம்பு என்றார்கள். இன்று பரதநாட்டிய செட்டில் பதிக்கிற சிவப்புக் கண்ணாடிக்கும், செயற்கைக் கல்லுக்கும் அதே பெயர்தான்.

கதையைக் கேளுங்கள், அதற்குக் காசு கொடுக்காதீர்கள்

நம் சீமையில் சிவப்புக் கல்லோடு வருகிற கதைகள் மூன்று. ரங்கூன் கதை, கொழும்புக் கதை, ஜமீன் கதை.

"அண்ணாச்சி, இது ரங்கூன் கல்லு. எங்க தாத்தா விரல்ல கெடந்தது. வேற ஆளுன்னா இந்த வெலைக்குக் குடுக்க மாட்டேன், உங்களுக்காவச் சொல்லுதேன்" என்று ஒருவர் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பர்மாவின் மோகோக் பகுதி உலகிலேயே பேர்போன மாணிக்க நிலம். நம் ஆட்கள் ஏராளமானோர் பர்மாவில் பிழைத்தார்கள். 1942-இல் ஜப்பான்காரன் நுழைந்தபோது ஒரு கூட்டமும், 1960-களில் கடை கண்ணிகளை அங்கே அரசுடைமையாக்கியபோது இன்னொரு கூட்டமும் திரும்பி வந்தது. கொழும்புக் கதையும் அப்படித்தான். காயல்பட்டினத்து வணிகக் குடும்பங்கள் இலங்கையோடு ரத்தின வியாபாரம் செய்தவை. அங்கிருந்து நல்ல கல் வந்திருக்கிறது. ஜமீன் கதையில் மட்டும் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சிங்கம்பட்டி, ஊத்துமலை என்று பெயர் சொல்வது சுலபம், தாள் காட்டுவது கஷ்டம்.

சரி, தாத்தா ரங்கூனில் வாங்கியது உண்மை என்றே வைப்போம். அவர் வாங்கியது என்ன கல்? பிரான்சில் அகஸ்ட் வெர்னாய் என்ற வேதியியலாளர், அலுமினியம் ஆக்சைடுப் பொடியைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். 1907-க்குள் அந்த முறையில் ஆண்டுக்கு ஆயிரம் கிலோ அளவுக்குக் கல் உற்பத்தியாகிவிட்டது. கல் விளைகிற ஊர்ச் சந்தையிலேயே செயற்கைக் கல்லை நடுவில் கலந்து விற்பது அந்தத் தொழிலின் பழைய வித்தை. ஆகவே 1920-இலோ 1935-இலோ செய்த அசல் பழைய மோதிரத்தில், அன்றைக்கே கட்டிய செயற்கைக் கல் இருக்கலாம். நூறு வயசான செயற்கைக் கல். விற்கிறவருக்கும் தெரியாது, அவர் அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. பின்னாளில் செயற்கைக் கல் பட்டை தீட்டுவதில் நம் திருச்சியே பெரிய மையமாக இருந்தது. விழுந்துபோன கல்லுக்குப் பதிலாக அப்படி ஒன்றை வைத்துக் கட்டிக் கொடுப்பது ஆசாரிகளுக்கு அன்றாட வேலை.

கையில் என்ன கொண்டுபோக வேண்டும்

10 மடங்கு லென்ஸ் ஒன்று. நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிப் பார்ப்பாரே, அது. 365 நானோமீட்டர் யுவி டார்ச் ஒன்று. மில்லிமீட்டர் அளக்க வெர்னியர் ஒன்று. கொஞ்சம் ஆர்வம் உள்ளவர் என்றால் கல்லின் நிறங்களைப் பிரித்துக் காட்டும் டைக்ரோஸ்கோப் என்ற சின்னக் குழாயையும் வாங்கிக்கொள்ளலாம், பெரிய விலை இல்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாள், நல்ல கேமரா உள்ள போன்.

நேரம் முக்கியம். காலை பத்து மணிக்கு மேல், மாலை நாலு மணிக்குள் போங்கள். நகைக்கடை விளக்கு சிவப்புக் கல்லை அழகுபடுத்திக் காட்டுவதற்கென்றே போட்டது. மோதிரத்தை வாசலுக்குக் கொண்டுவந்து நிழலில் வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். நேர் வெயிலும் வேண்டாம். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரில் மாணிக்கம் தானாகவே கனன்று, உள்ளதைவிடச் சிவப்பாகத் தெரியும். வாசல் வரை கொண்டுவர விடாதவரிடம் கல் மோதிரம் வாங்க வேண்டாம்.

முதலில் மோதிரம்

கல்லைப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொண்டு மோதிரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்.

வளையத்தின் அடிப்பக்கம், உள்ளங்கைப் பக்கமாக வரும் பகுதி, பல வருஷம் போட்டிருந்தால் தேய்ந்து மெலிந்திருக்கும். பக்கங்களில் இருக்கும் பூ வேலையும் அப்படியே, வெளியே துருத்தியது மழுங்கி, பள்ளத்தில் இருப்பது கூர்மையாக நிற்கும். எல்லா இடமும் ஒரே சீராக மழுங்கியிருந்தால் யாரோ பாலிஷ் சக்கரத்தில் பிடித்துப் பழசாக்கியிருக்கிறார்கள். வளையத்தில் வெட்டி ஒட்டிய தடம் இருக்கிறதா பாருங்கள். பழைய மோதிரத்தில் ஒரு தடம் இருப்பது குறை இல்லை, சைஸ் மாற்றியிருப்பார்கள். கல் கட்டிய கூட்டுக்குக் கீழே புதுப் பற்றவைப்பு பளபளத்தால், தலை ஒன்று வளையம் ஒன்றாகச் சேர்த்த மோதிரமா என்று கேளுங்கள்.

முத்திரை இருந்தால் லென்ஸில் படியுங்கள். இந்தியாவில் தங்கத்துக்கு பிஐஎஸ் ஹால்மார்க் வந்ததே 2000-இல்தான். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி என்ற அடையாளக் குறி 2021-இல் வந்தது. "நூறு வருஷ மோதிரம்" என்று சொல்லி அதில் பிஐஎஸ் முத்திரை இருந்தால், மோதிரம் புதுசு, அல்லது அண்மையில் கொண்டுபோய் முத்திரை வாங்கியிருக்கிறார்கள். எது என்று கேட்க வேண்டியதுதான். வெள்ளைக்காரன் காலத்து இங்கிலாந்து மோதிரங்களும் இங்கே அபூர்வமாகக் கிடைக்கும். நங்கூரச் சின்னம் பர்மிங்காம், சிறுத்தைத் தலை லண்டன், கூடவே ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. அதில் 15 என்றும் .625 என்றும் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 15 கேரட் தரம் அங்கே 1854 முதல் 1932 வரைதான் புழக்கத்தில் இருந்தது, காலம் நிச்சயம். ஆனால் தங்கம் 62.5 சதவீதம்தான், 22 கேரட் விலை போடக் கூடாது.

நம் ஊர் ஆசாரி கையால் செய்த பழைய மோதிரத்தில் முத்திரையே இருக்காது. மாற்றும், அதாவது தங்கத்தின் தரமும், ஒரே மாதிரி இருக்காது. உரைகல்லில் உரசிப் பார்ப்பது என்றால் வளையத்தின் உட்புறம் உரசச் சொல்லுங்கள். எக்ஸ்-கதிரால் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷினில் வைப்பது இன்னும் நல்லது, உரசலே வேண்டாம். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாமல் வளையத்தில் ஓரிடம், தலைப்பக்கம் ஓரிடம், ஒட்டுக்கு அருகில் ஓரிடம் பாருங்கள். ஒட்டில் பொடி என்கிற மட்ட உலோகக் கலவை வைத்துப் பற்றவைத்திருப்பதால் அங்கே மாற்றுக் குறைந்துதான் காட்டும். பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில் பொதுமக்களும் பழைய நகையைக் கொடுத்துச் சோதிக்கலாம்.

இப்போது கல்

மாணிக்கம் என்பது கொரண்டம் என்ற கனிமம். அலுமினியம் ஆக்சைடு. அதில் துளி குரோமியம் சேர்ந்தால் சிவப்பு. கடினம் 9, வைரத்துக்கு அடுத்தபடி. இந்தக் கடினம்தான் கடையில் நமக்குக் கிடைக்கிற முதல் துப்பு.

லென்ஸில் பட்டைகளின் ஓரத்தைப் பாருங்கள். தங்கம் தேய்ந்து மெலிந்த மோதிரத்தில் கல்லின் பட்டை ஓரங்கள் இன்னும் கூர்மையாக இருந்தால், கல் கொரண்டமாக இருக்க வாய்ப்பு உண்டு, அல்லது அண்மையில் மாற்றிய கல். ஓரமெல்லாம் மழுங்கி, மேல் பட்டையில் கீறல் மண்டிக் கிடந்தால் அது கண்ணாடியாகவோ, கார்னெட் என்ற வேறொரு சிவப்புக் கல்லாகவோ இருக்கும் வாய்ப்பு அதிகம்.

அடுத்து வெட்டு. பழைய காலத்தில் கையால் பட்டை தீட்டிய இயற்கைக் கல் ஒழுங்காக இருக்காது. எடை போய்விடக் கூடாது என்று தீட்டியவர் கல்லின் அடிவயிற்றை உப்பலாக விட்டிருப்பார். முனை நடுவில் இல்லாமல் ஒதுங்கி நிற்கும். ஒரு பட்டை பெரிசு, ஒரு பட்டை சின்னது. இதெல்லாம் நல்ல அறிகுறி. அளவெடுத்தாற்போல் மெஷின் வெட்டு, உள்ளே துடைத்து வைத்த சுத்தம், அடர்ந்த சிவப்பு, விலையும் சகாயம் என்றால் உள்ளே சந்தேகம் தட்ட வேண்டும். ஐரோப்பிய பாணி மோதிரங்களில் வரிசையாகப் பதித்த சின்னச் சின்னச் சதுரச் சிவப்புக் கற்கள் அந்தக் காலத்திலேயே பல நேரம் செயற்கைதான்.

பிறகு கல்லின் உள்ளே. இதற்கு நேரம் எடுங்கள், கடைக்காரர் டீ சொன்னால் மறுக்காதீர்கள். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, கல்லை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். இயற்கை மாணிக்கத்தில் நேர்கோட்டு ஊசிகள் கூட்டமாகக் கோணம் வெட்டி நிற்பதுண்டு. கல் வியாபாரத்தில் இதை சில்க் என்பார்கள். கைரேகை மாதிரி நெளிந்த புள்ளிப் படலம் தெரியலாம். குட்டிக் குட்டிப் படிகங்கள் இருக்கலாம். நிறம் பட்டையாக ஓடினால் அது நேராக, கோணமாக மடங்கி ஓடும்.

வெர்னாய் முறைச் செயற்கைக் கல்லில் கோடுகள் வளைந்திருக்கும். கிராமஃபோன் தட்டின் கோடுகளைப் போல, ஒன்றை ஒட்டி ஒன்று, ஒரே வளைவில். அதோடு உருண்டையான, சில நேரம் வால் வைத்த காற்றுக் குமிழிகள். இயற்கையில் இந்த வளைகோடு கிடையாது. பார்த்துவிட்டால் வழக்கு முடிந்தது. ஆனால் கண்ணில் படாதது மட்டுமே கல் இயற்கை என்பதற்கு ஆதாரம் இல்லை. 10 மடங்கில் அது தப்பிவிடும், ஆய்வகத்தில் திரவத்தில் முக்கி வைத்துத் தேடுவார்கள்.

இன்னொரு வகைதான் இன்று அதிகம் உலவுகிறது. விரிசல் நிறைந்த மட்டக் கொரண்டத்துக்குள் ஈயக் கண்ணாடியை ஊற்றி நிரப்பிய கல். கடையில் "கிளாஸ் ஃபில்லிங்" என்பார்கள். கல்லை ஆட்டிப் பார்த்தால் உள்ளே நீலமாகவோ ஊதாவாகவோ ஒரு மின்னல் அடிக்கும். தட்டையான குமிழிகள் தெரியும். இது ஆசாரியின் சுடருக்கும் தாங்காது, எலுமிச்சைச் சாற்றுக்கும் தாங்காது. இந்த வகை 2004 வாக்கில்தான் சந்தையில் பரவியது. ஆகவே பாட்டி காலத்து மோதிரத்தில் இது இருந்தால், கல்லை அதற்குப் பிறகுதான் யாரோ மாற்றியிருக்கிறார்கள். கதை அங்கேயே உடைந்துவிடும்.

யுவி டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். பர்மா மாணிக்கம் நன்றாகச் சிவந்து ஒளிரும். இரும்புச் சத்து கூடின தாய்லாந்துக் கல் மங்கலாக ஒளிரும், அல்லது சும்மா கிடக்கும். கார்னெட் ஒளிராது. செயற்கை மாணிக்கமோ பர்மாக் கல்லைவிடப் பலமாகவே ஒளிரும். டார்ச் அடித்து "பாத்தீயளா, எப்படி எரியுது" என்று காட்டுகிறவர் கார்னெட் இல்லை என்பதை மட்டுமே நிரூபித்திருக்கிறார். டைக்ரோஸ்கோப்பிலும் அப்படித்தான். மாணிக்கத்தில் இரண்டு சிவப்பு பக்கத்தில் பக்கத்தில் தெரியும், ஒன்று ஊதா கலந்தது, ஒன்று ஆரஞ்சு கலந்தது. ஸ்பினெல் (மாணிக்கம் போலவே தெரியும் வேறொரு கனிமம்), கார்னெட், கண்ணாடி மூன்றிலும் ஒரே நிறம்தான். செயற்கை மாணிக்கத்தில் இரண்டு தெரியும்.

ஸ்பினெல் என்றால் உதட்டைப் பிதுக்க வேண்டாம். பிரிட்டிஷ் முடியில் இருக்கிற "கறுப்பு இளவரசர் மாணிக்கம்" உண்மையில் ஸ்பினெல்தான், பல நூற்றாண்டு அதை மாணிக்கமாகவே மதித்தார்கள். பர்மாவிலும் இலங்கையிலும் மாணிக்கத்தோடு சேர்ந்தே கிடைப்பது. நல்ல சிவப்பு இயற்கை ஸ்பினெலுக்கு இன்று நல்ல விலை உண்டு.

இங்கிலாந்து மோதிரத்தில் ஒரு தந்திரம் உண்டு. மேலே மெல்லிய கார்னெட் தகடு, கீழே நிறக் கண்ணாடி, இரண்டும் உருகி ஒட்டியது. 1800-களின் நடுவில் தொடங்கி 1900-களின் முற்பாதி வரை செய்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் பளபளப்பு மாறுகிற கோடு ஒன்று தெரியும்.

பாலில் போடுவது, கண்ணாடியைக் கீறுவது

நல்ல மாணிக்கத்தைப் பாலில் போட்டால் பால் சிவக்கும் என்பார்கள். சிவப்புக் கல் எதைப் போட்டாலும் பாலில் கொஞ்சம் செம்மை தட்டும், செயற்கைக் கல்லானாலும் அப்படித்தான். கண்ணாடியைக் கீறும் சோதனையில் செயற்கை, ஸ்பினெல், கார்னெட் எல்லாமே பாஸ். பழைய மோதிரத்தின் ஓரம் உடைந்ததுதான் மிச்சமாகும். இரண்டையும் செய்ய விடாதீர்கள்.

பின்பக்கம் மூடிய மோதிரம்

நம் பழைய வேலையில் பாதிக்கு மேல் குளோஸ் செட்டிங். கல்லுக்குப் பின்னால் தங்கம் மூடியிருக்கும். உள்ளே அரக்கும், பளபளக்கும் தகடும் வைத்திருப்பார்கள். தகட்டின் நிறம் கல்லுக்கு ஏறும். வெளிறிய கல்லும் அங்கே ரத்தச் சிவப்பாகத் தெரியும். நிறமே இல்லாத கல்லுக்குப் பின்னால் சிவப்புத் தகடு வைத்ததும் உண்டு.

இதை லென்ஸில் பார்த்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆழம் தெரியாது, எடை தெரியாது, உள்ளே வெளிச்சம் போகாது. கல்லைக் கழற்றினால்தான் விடை. கழற்றினால் விளிம்புத் தங்கத்தை நெம்ப வேண்டும், தகடு கிழியும், பழைய கட்டின் அழகு போய்விடலாம். இதில் என் கணக்கு எளிது. விற்பவர் மாணிக்க விலை கேட்டால், கழற்றிக் காட்ட வேண்டியது அவர் பாடு. கழற்ற மாட்டேன் என்றால் தங்க விலையும் வேலைப்பாட்டுக்கு மனசுக்குப் பிடித்த ஒரு தொகையும் போதும், கல்லுக்குச் சுழி. வங்கி மோதிரம் (ஆங்கில வி எழுத்து வடிவில் வளைந்தது), பூ மோதிரம் போன்றவற்றில் பத்துப் பதினைந்து சின்னக் கல் இருக்கும். அவற்றைக் கழற்றுவது வீண் வேலை. வேலைப்பாடு பிடித்திருந்தால் அதற்காகவே வாங்குங்கள்.

ஜோசியர் சொல்லி வாங்குகிறவர்கள் கவனிக்க: கல் விரலில் பட வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்பார்கள். மூடிய மோதிரத்தை வாங்கிவிட்டுப் பின்னால் துளை போடச் சொல்லி ஆசாரியிடம் போவது, பழைய மோதிரத்தைக் கெடுப்பதற்குச் சுருக்கு வழி. அதற்குப் புது மோதிரமே வாங்கிவிடலாம்.

லேப் சோதனை

கல்லுக்கென்று கணிசமான தொகை கொடுக்கப் போகிறீர்கள் என்றால் சோதனைக்கு அனுப்பியே தீர வேண்டும். ஊரில் இருக்கிற கல் நிபுணர் ஒளிவிலகல் மானியில் வைத்து 1.76–1.77 வருகிறதா என்று பார்த்துச் சொல்வார், ஸ்பினெல் என்றால் 1.72 பக்கம் நிற்கும். அந்த அளவு செயற்கை மாணிக்கத்துக்கும் 1.76–1.77 தான், ஆகவே இயற்கையா என்பதற்கு நுண்ணோக்கி உள்ள ஆய்வகம் வேண்டும். ஜெய்ப்பூர் ஜெம் டெஸ்டிங் லேபரட்டரி நீண்ட காலமாக நடப்பது, இப்போது அதன் பெயர் ஐஐஜிஜே-ஆர்எல்சி. மும்பையிலும் பெரிய ஆய்வகங்கள் உண்டு.

அறிக்கையில் படிக்க வேண்டியவை நாலு. "நேச்சுரல்" என்ற சொல் இருக்கிறதா. "ரூபி" என்றே எழுதியிருக்கிறதா, இல்லை "பிங்க் சஃபையர்" என்றா. இலங்கைக் கல் பல ரோஸ் நிறம், விலை அங்கே மாறிவிடும். "சூடாக்கியதற்கான அறிகுறி இல்லை" என்கிறார்களா, "சூடாக்கியது" என்கிறார்களா. சூடு ஏற்றுவது இலங்கையில் பல நூற்றாண்டு வழக்கம், அது மோசடி இல்லை, விலை மட்டும் வேறு. கடைசியாக, கண்ணாடி நிரப்பியதா. "காம்போசிட்" என்ற சொல் கண்ணில் பட்டால் மோதிரத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

எந்த ஊர்க் கல் என்பதை எல்லா ஆய்வகமும் எழுதாது. எழுதினாலும் அது நிபுணர் கருத்துதான். சின்னக் கல்லுக்கு அந்தச் செலவு தேவையில்லை. மோதிரத்தோடு அனுப்பினால் "கட்டிய நிலையில் பார்த்த அளவில்" என்று ஒரு வரி சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

விலை போடுவது

ஓர் உதாரணம். பின்பக்கம் திறந்த மோதிரம், மொத்த எடை 6.20 கிராம். முட்டை வடிவக் கல் 7 மில்லிமீட்டர் நீளம், 5 அகலம், 3 ஆழம். நீள அகலத்தின் சராசரி 6, அதன் வர்க்கம் 36. அதை ஆழம் 3-ஆல் பெருக்கி, மாணிக்கத்தின் ஒப்படர்த்தி 4-ஆல் பெருக்கி, முட்டை வடிவத்துக்கான எண் 0.0020-ஆல் பெருக்கினால் 0.86 கேரட். இது கல்லின் எடைக் கேரட், தங்கத்தின் தரக் கேரட் வேறு. ஒரு கேரட் 0.2 கிராம். ஆகக் கல்லின் எடை 0.17 கிராம். தங்கம் 6.03 கிராம். மெஷின் 84 சதவீதம் காட்டியது என்றால், 22 கேரட் (91.6 சதவீதம்) கணக்கில் 5.53 கிராம். அன்றைய பவுன் விலையை எட்டால் வகுத்து இதைப் பெருக்குங்கள். இதுதான் அடி விலை. மூடிய மோதிரமாக இருந்தால் அரக்கின் எடையையும் கழிக்க வேண்டும், அது எவ்வளவு என்று பிரிக்காமல் தெரியாது. பெரிய மோதிரத்தில் அரக்கு கணிசமாகவே இருக்கும்.

விற்பவர் இதே மோதிரத்தைக் கடையில் போட்டால் இந்த அடி விலைகூடக் கிடைக்காது. கல்லைக் கழிப்பார்கள், அழுக்கு, ஒட்டு என்று இன்னும் கொஞ்சம் கழிப்பார்கள், கல்லுக்கு ஒரு பைசா போட மாட்டார்கள். விற்கும்போது கல்லுக்குத் தனி விலை சொன்ன அதே கடைதான். ஆகவே அடி விலைக்கு மேல் நீங்கள் கொடுக்கிற எதுவும் அவருக்கு லாபம். பேரத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

கல் இயற்கை என்று அறிக்கை வந்த பிறகுதான் கல்லின் விலை. அதை நிறம் தீர்மானிக்கும், பிறகு சூடாக்காதது என்ற வரி, பிறகு எடை. எடை கூடக் கூட கேரட் விலையே ஏறும். ஆகவே 2 கேரட் கல்லை 1 கேரட் விலையின் இரட்டிப்பாக நினைக்கக் கூடாது. செயற்கைக் கல் என்று தெரிந்தால்? 1920-களின் அழகான மோதிரம் என்றால் அதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தங்கத்துக்கும் வேலைக்கும் உள்ள விலையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், கல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

செத்தவர் போட்ட கல் ஆகாது என்று நம் பக்கம் பலர் ஒதுங்குவதால், வீட்டில் விற்கிற பழைய மோதிரத்துக்குப் போட்டி குறைவு. உங்களுக்கு அந்த எண்ணம் இல்லையென்றால் விலையில் அது உங்கள் பக்கம்.

முன்பணம், கைச்சீட்டு, யார் சொத்து

சோதனைக்கு முன் முழுப் பணம் கொடுக்காதீர்கள். அடி விலையில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து, இப்படி ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்: "மொத்த எடை 6.20 கிராம் உள்ள சிவப்பு ஒற்றைக்கல் மோதிரம் ஒன்று. கல் இயற்கை மாணிக்கம் என்று சொல்லி விற்கப்படுகிறது. ஆய்வக அறிக்கை வேறு விதமாக வந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்." தேதி, இருவர் கையெழுத்து, மோதிரத்தின் நாலு பக்கப் படம். கல்லை லென்ஸ் வழியே போனில் எடுத்த படமும் இருக்கட்டும், உள்ளே இருக்கிற குறைகள்தான் அதற்கு அடையாளம். இந்தச் சீட்டுக்குக் கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் கல்லைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர்.

வீட்டில் வாங்கினால் அது யார் பங்கு என்று கேளுங்கள். ஆச்சி மோதிரத்தைப் பேரன் விற்பான், ஒரு மாதம் கழித்து அத்தை வந்து "எங்க அம்மை எனக்குன்னு சொன்ன மோதிரம்" என்று நிற்பார். பங்காளிகள் எல்லாரிடமும் ஒரு சம்மதக் கையெழுத்து இருந்தால் நிம்மதி. விற்பவரின் ஆதார் நகலை வாங்கி வையுங்கள். அடகில் மூழ்கிய நகை என்றால் ஏல ரசீது கேளுங்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, பேங்க் வழியாகவே போடுங்கள்.

கோயில் நகை, புதையல் என்று காதோரம் யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஆதிச்சநல்லூர் பக்கத்து ஊர் என்பதால் நம் பக்கம் இந்தச் சரக்குக்கு மவுசு அதிகம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-இலேயே சட்டம் இருக்கிறது. பொய்யென்றால் பணம் போகும், நிஜமென்றால் நீங்களே போவீர்கள்.

வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கோ மகளுக்கோ அனுப்ப வாங்குகிறீர்களா? 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. உங்கள் மோதிரம் அந்த வயதுக்கு அருகில் இருந்தால், தொல்பொருள் துறையிடம் "தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டுப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு

முதல் வேலை, கல் ஆடுகிறதா என்று பார்ப்பது. காதருகே வைத்து ஆட்டினால் டிக் டிக் என்று கேட்கும். கொக்கிகள் தேய்ந்திருந்தால் போடுவதற்கு முன் சரி செய்யுங்கள். சைஸ் மாற்றும்போது கல்லைக் கழற்றிவிட்டுத்தான் சுடர் காட்ட வேண்டும் என்று ஆசாரியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "மாணிக்கம் சூடு தாங்கும் அண்ணாச்சி" என்பார். தாங்கும்தான், ஆனால் உள்ளே விரிசல் இருந்தால் பிளக்கும்.

திறந்த கட்டு என்றால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மென்மையான பிரஷ் போட்டுக் கழுவலாம். மூடிய கட்டைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. தாமிரபரணியில் குளிக்கும்போது கழற்றி வையுங்கள். ஒரு தடவை ஈரம் உள்ளே போனால் தகடு கறுக்கும், கல்லில் நிழல் விழும், பிறகு பிரித்துக் கட்டுவதைத் தவிர வழி இல்லை. கடைகளில் இருக்கிற அல்ட்ராசோனிக் மெஷினிலும் போட விடாதீர்கள்.

ஆசாரியிடம் மோதிரத்தை எந்த வேலைக்குக் கொடுத்தாலும், கொடுக்கும் முன் எடையும் கல்லின் லென்ஸ் படமும் எடுங்கள். திரும்ப வாங்கும்போது அவர் கடையிலேயே உட்கார்ந்து இரண்டையும் ஒத்துப் பாருங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல ஆசாரி என்றால் எடையை அவரே முதலில் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்.